நடக்காத சரிவு

அன்று காலை எதிர்த் தீவு கிட்டே வந்து நின்றது. மற்ற நாட்களில் கடலுக்கு அப்பால் சாம்பல் கோடு மாதிரிக் கிடக்கும் அது, அன்றைக்குப் பாறை வெடிப்பு உட்படத் தெரிந்தது. லியாண்டர் கீப்பிங் தன் பிக்கப் வண்டியை விட்டு இறங்கியதும் அதைத்தான் பார்த்தான். தீவு இப்படி நின்ற நாட்களில் அவனுடைய அப்பா படகை இறக்கியதில்லை. லியாண்டர் பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி, டின்பாலைக் கலந்து, நின்றவாக்கிலேயே குடித்தான்.

காற்று இல்லை. இலேசாகக்கூட இல்லை. நியூஃபவுண்ட்லாந்தின் தென்மேற்குக் கரையில், அக்டோபர் மாதத்தில் காற்றே இல்லாமல் ஒரு காலை விடிந்தால் யாரும் அதை நல்லதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கீழே படகுத்துறையில் ஒரு கயிறுகூட ஆடவில்லை. தொலைவில் யாரோ கதவைச் சாத்திய சத்தம் காதருகே கேட்டது.

"ரேடியோ கேட்டியா மாமா?" என்றாள் நெல்டா. அவனுடைய அக்கா மகள். முப்பத்துநாலு வயது. மேற்கே தூரத்து ஆல்பர்ட்டாவில் பத்து வருஷம் கூரை வேலை பார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பியவள். "மதியத்துக்கு மேல தென்கிழக்குக் காத்தாம். நூத்தியிருவது வேகத்துல அடிக்கும்கிறான்."

"ரேடியோக்காரன் இப்பத்தான் எந்திரிச்சிருப்பான். தீவு அஞ்சு மணிக்கே சொல்லிருச்சு."

"எனக்கு ஒண்ணும் சொல்லலையே."

"உனக்கு ஆல்பர்ட்டா காது ஆயிப்போச்சு."

அவள் சிரித்துக்கொண்டே கம்ப்ரசர் குழாயை உதறி நீட்டினாள்.

வீடு பிரிசி அத்தையுடையது. ஊரே அவளை அத்தை என்றுதான் கூப்பிடும். அவளுடைய பழைய வீட்டை மூன்று குளிர்காலத்துக்கு முன் கடல் எடுத்துக்கொண்டுபோனது. இப்போது அதற்கு மேலே, பாறை மேட்டில், புதிதாகக் கட்டுகிறார்கள். கட்டி முடியும்வரை அவள் பக்கத்துச் சின்ன வீட்டில் இருந்துகொண்டு, நாள் முழுக்க ஜன்னல் வழியாக வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூரைக்குப் பலகை அடித்தாயிற்று. பலகைமேல் தண்ணீர் இறங்காத கறுப்புத் தாள் விரித்து அறைய வேண்டும், அதற்கு மேல்தான் தார் ஓடு. தென்சரிவில் நெல்டா முந்தைய நாளே தாளை அறைந்து முடித்திருந்தாள். மலையைப் பார்த்த வடசரிவு பாக்கி. தெற்குச் சுவருக்குக் காற்றும் ஈரமும் புகாத வெள்ளைப் பிளாஸ்டிக் போர்வை சுற்றுவதும் பாக்கி. மழை இறங்குவதற்குள் இரண்டும் மூடியிருக்க வேண்டும். மூடாவிட்டால் பலகை ஊறி உப்பிப்போகும். குளிர்காலத்துக்குள் வேறு பலகை வராது.

மேஸ்திரி ஹெட்லி லாரியின் பின்கதவைத் திறந்தான். அவனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாது.

"வாங்கண்ணே, கடை திறந்தாச்சு. எது வேணுமோ எடுத்துக்கங்க."

மூன்று கருவிகள் இருந்தன. ஒன்று தொப்பித் துப்பாக்கி. கம்ப்ரசர் காற்றில் ஓடும். ஒவ்வொரு கம்பியும் இறங்கும்போது அதன் தலைக்கு அடியில் நாணய அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பியும் சேர்ந்து இறங்கும். தொப்பி இருந்தால் தாள் கிழியாது. இரண்டாவது, தொப்பி ஆணி அரை வாளியும் ஒரு சுத்தியலும். ஆணியிலேயே தொப்பி கோத்திருக்கும். ஒவ்வொன்றாக விரலில் பிடித்து அடிக்க வேண்டும். பிடிமானம் அதுதான் எல்லாவற்றிலும் பெரிது. நேரமும் அதுதான் எல்லாவற்றிலும் அதிகம். மூன்றாவது, சுத்தியல் மாதிரியே ஓங்கி அறைகிற ஸ்டேப்ளர். அறைந்துகொண்டே போகலாம், ஒரு சரிவு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் வெறும் கம்பிதான், தொப்பி கிடையாது. ஊசி குத்திய மாதிரி தாளில் இரண்டு ஓட்டை. காற்று தாளைத் தூக்க ஆரம்பித்தால் அந்த ஓட்டை நீளும். ஒன்று விட்டதும் அடுத்தது விடும்.

"துப்பாக்கித் தொப்பி ஒரே ஒரு பெட்டிதான் இருக்கு" என்றான் ஹெட்லி. "சரிவுக்கா, சுவருக்கா? ரெண்டுக்கும் பத்தாது."

"சுவருக்குத்தான்" என்றாள் நெல்டா. "தென்கிழக்கு நேரா அந்தச் சுவத்துலதான் மோதும். போர்வைக்குள்ள காத்து பூந்துச்சுன்னா வீட்டையே கழட்டிக்கிட்டுப் போயிரும்."

அதில் தப்பில்லை. லியாண்டரும் தலையாட்டினான்.

"அப்ப வடசரிவு அண்ணனுக்கு. காத்து படாத பக்கம்தானே? ஸ்டேப்ளர்ல அறைஞ்சு விட்டுட்டு டவுனுக்குப் போய்த் தொப்பி வாங்கிட்டு வந்துருங்க. வளைவு ரோட்டை மதியம் மூடினாலும் மூடிருவான்."

"காத்து படாத பக்கத்தைத்தான் அது உறிஞ்சும்" என்றான் லியாண்டர். "முகட்டைத் தாண்டும்போது அந்தப் பக்கத்துல இருந்து இழுக்கும். பாய் கட்டின படகுல போயிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"நான் மோட்டார்ப் படகுல பொறந்தவண்ணே. உறிஞ்சும்னா தொப்பி ஆணி அடிங்க. வேணாம்னு சொன்னேனா? உங்க சரிவு, உங்க கருவி."

லியாண்டர் வாளிக்குள் கையை விட்டான். ஓர் ஆணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நிறுத்திப் பார்த்தான். நின்றது. கையை லேசாகத் திருப்பியதும் விழுந்தது. இருபத்தோரு குளிர்காலம் ஈரத் தூண்டில் கயிறு இழுத்த விரல்கள் அவை. காலையில் பொத்தான் போடவே மறுக்கும். இது நெல்டாவுக்குத் தெரியும். ஹெட்லிக்குத் தெரியாது, தெரிந்தால் அடுத்த வாரம் கீழே பலகை தூக்கத்தான் விடுவான்.

குனிந்து ஆணியை எடுத்து வாளியில் போட்டான். "ஸ்டேப்ளரே இருக்கட்டும்" என்றான். "தொப்பி வந்ததும் மேல ஒரு ஓட்டு ஓட்டிக்கலாம்."

நெல்டா அவன் விரலைப் பார்த்தாள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் போனாள்.

ஹெட்லி இன்னொரு ஊரில் ஓடிக்கொண்டிருந்த வேலைக்குக் கிளம்பினான். கூரையில் கட்டிக்கொள்ளும் கயிறும் இடுப்பு வாரும் அவன் லாரியிலேயே போய்விட்டன. அதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். நீச்சல் தெரியாமலே கடலுக்குப் போன ஜனம் அது.

அந்த ஜனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. படகுக்கு எவன் நார் திணித்துத் தார் பூசி அடைத்தானோ, அவன்தான் அதை முதல்முதலாகத் தண்ணீரில் இறக்கித் தனியாக ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவன் கால் வைப்பான். காட் மீன் பிடிக்கக் கூடாதென்று அரசாங்கம் தடை போட்ட வருஷம் படகுகள் கரையேறின. ஆட்கள் கூரை ஏறினார்கள். வழக்கமும் அவர்களோடு ஏறியது. தாளை அறைந்தவன்தான் சரிவில் முதலில் நடக்க வேண்டும். இறவாரத்திலிருந்து முகடுவரை, கை ஊன்றாமல், போய்த் திரும்ப வேண்டும். நடக்கும்வரை அவன் அந்தப் பக்கத்தை விட்டு நகர்ந்தால் ஏணியைத் தரையில் படுக்க வைத்துவிட்டு நகர்வான். நடந்துவிட்டால் ஏணி நிற்கும். நிற்கிற ஏணி ஒருவன் கொடுத்த வாக்கு. "நடந்தாச்சா?" என்று எவனும் கேட்பதில்லை. கேட்டால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

லியாண்டர் அறைந்துகொண்டே போனான். தாளை ஒரு வரிசை விரிப்பது, மேலே வெறும் பலகையில் உட்கார்ந்து கீழே அறைவது, மறுபடி ஏறுவது. டப், டப், டப். ஸ்டேப்ளர் தானாகவே பாடுகிற மாதிரி இருந்தது. தோளும் வலிக்கவில்லை. பத்து மணிக்குத் தீவு இன்னும் கிட்டே வந்திருந்தது. பத்தரைக்கு முதல் காற்று வந்தது. காற்று என்று சொல்ல முடியாது. யாரோ மூச்சு விட்ட மாதிரி. அவன் கால்மாட்டில் தாள் ஒருமுறை உப்பி அமர்ந்தது.

கடைசி வரிசையை முகட்டில் இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்து அறைந்தான். இனி இந்தச் சரிவில் இறங்கித் தன் ஏணிக்குப் போக வேண்டும். அதுதான் நடை. அவன் தாளைப் பார்த்தான். அது மறுபடி ஒருமுறை உப்பி அமர்ந்தது. அவன் காலை மாற்றிப்போட்டு, தொப்பி வரிசை வரிசையாகப் பதிந்திருந்த நெல்டாவின் தென்சரிவில் இறங்கி, அவளுடைய ஏணி வழியாகக் கீழே வந்தான்.

சுவர்ப் போர்வையைத் தோளால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த நெல்டா திரும்பிப் பார்த்தாள். "என்ன மாமா, நம்ம பக்கமா ஊர்வலம்?"

"அந்தப் பக்கம் ஏணி கொஞ்சம் ஆடுது. போய்க் கல்லு வெக்கணும்."

"சரி" என்றாள். துப்பாக்கி டக் டக்கென்று தொடர்ந்தது.

வடக்குப் பக்கம் சுற்றி வந்தான். ஏணி ஆடவில்லை. ஏறினான். இறவாரத்தில் நின்று ஒரு காலைத் தாளின்மேல் வைத்து எடையைக் கொடுத்தான். பூட்ஸுக்கு அடியில் தாள் ஓர் அங்குலம் நழுவியது. டிக், டிக் என்று இரண்டு சத்தம். இரண்டு கம்பிக்கு அடியில் ஓட்டை நீண்ட சத்தம். காலை எடுத்துக்கொண்டான்.

கீழே இறங்கி, ஏணியைப் படுக்க வைப்பதற்காக இரண்டு கையாலும் பிடித்தான். அப்போதுதான் ரோட்டில் ஹாரன் கேட்டது. எதையோ மறந்து திரும்பி வந்திருந்த ஹெட்லி, லாரியின் ஜன்னலில் பாதி உடம்பை நீட்டியிருந்தான். பக்கத்தில் படகுத்துறை ஆட்கள் நாலைந்து பேர்.

"பாருங்கய்யா! இன்னும் பதினோரு மணி அடிக்கல. அண்ணன் முடிச்சு, நடந்து, எறங்கியாச்சு! ஐம்பத்தெட்டு வயசு! உங்கள்ல எவனாவது இருக்கானா?"

"அவன் அப்பவே அப்படித்தான்" என்றான் ஒருவன். "ரெண்டு பேர் இழுக்குற வலையைத் தனியா இழுப்பான்."

லியாண்டரின் கை ஏணியில் இருந்தது. ஏணியைச் சாய்த்தால் அவ்வளவு பேரும் பார்ப்பார்கள். ஹெட்லி ஏன் என்பான். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால், விரல்வரைக்கும் போய்த்தான் நிற்கும். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தான். நெல்டாவுக்குச் சுவரிலேயே மதியம்வரை வேலை இருக்கிறது என்று நினைத்தான். ஹெட்லி மறுபடி ஹாரன் அடித்தான்.

ஏணியை விட்டுக் கையை எடுத்தான். அதே கையைத் தூக்கி அவர்களுக்கு ஆட்டினான்.

டவுன் முப்பது கிலோமீட்டர். போகும்போது காற்று பக்கவாட்டில் வண்டியை இரண்டுமுறை தொட்டுப்பார்த்தது. கிடங்கில் ஆள் இல்லை. கல்லாவில் இருந்தவன், "இந்தக் காத்துல தொப்பி வாங்க வந்தியே, தலைக்கா கூரைக்கா?" என்று கேட்டுத் தானே சிரித்தான். லியாண்டர் ஆறு பெட்டி வாங்கிப் பக்கத்து இருக்கையில் அடுக்கினான். வெளியே வந்தபோது வண்டிக் கதவைத் திறக்க இரண்டு கை வேண்டியிருந்தது. ரேடியோ மதியத்துக்கு மேல் என்று சொல்லியிருந்தது. மணி பதினொன்றரைதான் ஆகியிருந்தது.

திரும்பும் வழியில், மலைகள் இரண்டும் பிளந்து காற்றுக்கு வாசல் விட்ட மாதிரி இருக்கும் அந்த வளைவுக்கு முன்னால் தடுப்பு இறங்கியிருந்தது. மஞ்சள் கோட்டுக்காரன் ஒருவன் குனிந்து, தடுப்பைப் பிடித்துக்கொண்டே வண்டியருகே வந்தான்.

"அங்க ஒரு பெரிய லாரி பொரண்டு கெடக்கு. இனி சாயங்காலம்தான்."

"ஊருல என் அக்கா மவ இருக்கா."

"எல்லாருக்கும் யாராவது இருக்காங்கய்யா. வண்டியைத் திருப்பி மலை மறைப்புல நிறுத்து. இங்க நின்னா நீயும் பொரளுவ."

வண்டியைப் பாறை ஓரமாக நிறுத்தினான். ஊர் இங்கிருந்து பதினோரு கிலோமீட்டர். நெல்டாவின் போனைக் கூப்பிட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. அது அவளுடைய சாப்பாட்டு டப்பாவுக்குள் கிடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். மறுபடி கூப்பிட்டான். ஹெட்லியின் எண்ணை எடுத்தான். அவனிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். யோசித்த நேரத்தில் ஒரு காற்று வந்து வண்டியைத் தூக்கி, இடம் மாற்றி வைத்தது. ஹெட்லியை விட்டுவிட்டுப் பிரிசி அத்தையின் வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தான்.

"ஆரு?"

"நான்தான் அத்தை, லியாண்டர். நெல்டா எங்க?"

"எங்க இருக்கே மவனே? இங்க காத்து பேயா அடிக்குது. என் துணிக்கொடி போச்சு."

"அத்தை, நெல்டா எங்க?"

"சுவரை முடிச்சுட்டா. வடக்குப் பக்கம் போயிருக்கா. இரு, ஜன்னல்ல பாக்குறேன்." செருப்பு இழுபடும் சத்தம். "ஏணி மேல நிக்குறா. ரெண்டு காலும் தெரியுது. இடுப்புக்கு மேல கூரைக்கு அந்தாண்டை."

"அவளை எறங்கச் சொல்லுங்க."

"ஏன்? நீதான் முடிச்சுட்டியே. ஹெட்லி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுப் போறான்."

பிரிசி அத்தையிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் சொன்ன மாதிரி. டீ குடிக்கக் கூப்பிடுங்கள் என்று சொல்லலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று சொல்லலாம். அவன் வாய் அதற்குத்தான் திறந்தது. ஆனால் டீக்கு இறங்குகிற ஆள் நெல்டா இல்லை. கையில் எடுத்த வேலையை வைக்க மாட்டாள்.

"அத்தை, நான் நடக்கல" என்றான்.

செருப்புச் சத்தம் நின்றது.

"அந்தச் சரிவுல நான் நடக்கல. தொப்பி போடல. ஏணியை நிக்க விட்டுட்டு வந்துட்டேன். எறங்கச் சொல்லுங்க அத்தை. ஓடுங்க."

அவள் போனை வைக்கவில்லை. அதை மேசைமேல் கிடத்திய சத்தம் கேட்டது. பிறகு கதவு. கதவு திறந்ததும் காற்று அந்த வீட்டுக்குள் நுழைந்ததை அவனால் கேட்க முடிந்தது. ஏதோ உருண்டது. காகிதங்கள் பறந்தன. அவற்றுக்குப் பின்னால், தொலைவில், தப் தப் தப் என்று கனமான ஒரு சத்தம். கப்பலில் பாய் கட்டவிழ்ந்து அடிக்கிற சத்தம் அது. லியாண்டர் அதைத் தூக்கத்திலும் அடையாளம் சொல்வான். அது அவன் அறைந்த தாள்.

போனைக் காதோடு சேர்த்து அழுத்தினான். அத்தையின் குரல் ஒருமுறை கேட்டது. "நெல்டா!" வேறு எதுவும் புரியவில்லை. தப் தப் என்பது வேகமானது. பிறகு அதன் நடுவே வேறொரு சத்தம், டொக், டொக், டொக் என்று நிதானமாக. யாரோ சுத்தியலால் அடிக்கிறார்கள். அவனுக்கு விளங்கவில்லை. இந்த நேரத்தில் யார், எதை அடிக்கிறார்கள்?

அடுப்பில் இருந்த கெட்டில் விசிலடிக்கத் தொடங்கியது. அந்த ஊரில் யாரும் விசிலடிக்க மாட்டார்கள். காற்றைக் கூப்பிடுகிற காரியம் என்பார்கள். கெட்டில் மட்டும் அடிக்கும், உடனே யாராவது இறக்கிவிடுவார்கள். இப்போது இறக்க ஆளில்லை. அது நீளமாக, மேலே மேலே ஏறிக் கத்தியது. அதற்கடியில் தப் தப்பைத் தேடினான். சுத்தியலைத் தேடினான்.

பிறகு ஒரு கிழிசல். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரைக்கும் போன ஒரே கிழிசல்.

அதற்குப் பிறகு தப் தப் இல்லை. டொக் டொக் இல்லை. கெட்டில் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

லியாண்டர் வண்டியை விட்டு இறங்கித் தடுப்பை நோக்கி நடந்தான். பத்தடி போனதும் காற்று அவனை முழங்காலில் உட்கார வைத்தது. மஞ்சள் கோட்டுக்காரன் வந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வண்டிக்குள் தள்ளினான். "சாகணும்னா உன் ஊருல போய்ச் சாவுய்யா" என்றான். போன் இன்னும் லியாண்டரின் கையில்தான் இருந்தது. காதில் வைத்தான். கெட்டில். எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. பத்து நிமிஷம்கூட இருக்கலாம்.

கதவு சாத்தப்பட்டது. செருப்பு இழுபட்டது. கெட்டில் மெல்ல அடங்கி நின்றது. அத்தை முதலில் கெட்டிலைத்தான் இறக்கினாள்.

"லியாண்டரு."

"இருக்கேன் அத்தை."

"உசுரு இருக்கு. பேசுறா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பாறையில விழுந்தா. வலது கை மணிக்கட்டு திரும்பிக் கெடக்கு, எலும்பு தெரியுது. படகுத்துறைப் பசங்க கதவைக் கழட்டி அதுல தூக்கிட்டு வராங்க. ரோடு தெறக்குற வரைக்கும் நர்ஸம்மா பாத்துக்குவாங்களாம்."

"தாள் இழுத்துட்டுப் போச்சா?"

"தாள் போச்சு. அவளை ஏணியில இருந்து தட்டிட்டுத்தான் போச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "மவனே, அவ மடி நெறைய உன் தொப்பி ஆணி."

லியாண்டர் பக்கத்து இருக்கையில் இருந்த பெட்டிகளைப் பார்த்தான்.

"நீ அவ பக்கமா எறங்கினப்பவே தெரியும்கிறா. அந்தப் பக்கம் போய்ப் பாத்தாளாம், ஏணி ஆடவே இல்லையாம். ஹெட்லி சாயங்காலம் வரதுக்குள்ள ஆணியை அடிச்சு முடிச்சுட்டா யாருக்கும் தெரியாதுன்னு ஏறினாளாம். தாள் மேல கால் வெக்கலை, ஏணியில நின்னே எட்டுன மட்டும் அடிச்சிருக்கா. நான் கத்துனது கேட்டுச்சாம். இன்னும் நாலே ஆணின்னு நெனைச்சாளாம்."

"அத்தை..."

"ஏணியை நான் படுக்க வெச்சுட்டேன்" என்றாள் பிரிசி அத்தை. போனை வைத்துவிட்டாள்.

ரோடு இரவு ஏழு மணிக்குத்தான் திறந்தது. அதுவரை அவன் ஆறு பெட்டித் தொப்பிகளோடு அந்தப் பாறை மறைவில் உட்கார்ந்திருந்தான். சின்ன அசைவுக்கும் பெட்டிக்குள் அவை கலகலத்தன.

அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அந்த ஊர். ஹெட்லிகூடத் தொப்பி எண்ணிக்கையைச் சரிபார்ப்பதோடு நிறுத்திக்கொண்டான். இரண்டு நாள் கழித்து, காற்று தணிந்த பிறகு, லியாண்டர் புதுத் தாள் விரித்துத் துப்பாக்கியால் வடசரிவை முடித்தான். தனியாக முகடுவரை நடந்தான். இறங்கும்போது படகுத்துறையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரும் கை ஆட்டவில்லை.

நெல்டாவின் மணிக்கட்டுக்குள் தகடு வைத்தார்கள். மே மாதம் அவள் வேலைக்குத் திரும்பினாள். துப்பாக்கி பிடிக்க முடிந்தது. சுத்தியலும் பிடித்துவிடுவாள். ஓர் ஆணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நிறுத்தினால் மட்டும், கை லேசாகத் திரும்பியதும் விழுந்துவிடும். முதல் நாள் அப்படி விழுந்தபோது அவள், "பாரு மாமா, குடும்பச் சொத்து எனக்கும் வந்துருச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

அன்றைக்கு அவர்கள் துறைமுக வாயில் பக்கம் ஒரு கிடங்குக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். தீவு தொலைவில் சாம்பலாகக் கிடந்தது. லியாண்டர் தன் சரிவை முடித்தான், நடந்தான், இறங்கினான், ஏணியை நிற்க விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். ஹெட்லியும் வேறு மூன்று பேரும் கீழே ஓட்டுக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நெல்டா தோளில் ஓட்டுக் கட்டோடு ஏணியடிக்கு வந்தாள். முதல் படியில் கால் வைத்தாள். வைத்த காலை எடுத்துத் தரையில் ஊன்றினாள்.

"மாமா" என்று கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. "நடந்தாச்சா?"

ஓடு பிரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஹெட்லி தலையைக் குனிந்துகொண்டான்.

லியாண்டர் குவளையைக் கீழே வைத்தான். ஆச்சு என்று வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வந்து, அவளைத் தாண்டி ஏணியில் ஏறினான். எல்லோரும் பார்க்க, கையை ஊன்றாமல், முகடுவரை இன்னொருமுறை நடந்து திரும்பினான். அவன் இறங்கி நகர்ந்த பிறகு அவள் ஏறினாள்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு அடுத்த கூரையிலும் கேட்டாள். அவள் கேட்காமல் ஏறிய நாள் அதற்குப் பிறகு வரவில்லை.